மாத்திரை சாப்பிடாதவன் கணக்கு

என் மச்சினனுக்கு நான் தர வேண்டியிருந்தது ஒன்பதாயிரத்து முந்நூற்று அறுபது. டப்பா ஒன்றுக்கு ஆயிரத்து நூற்று எழுபது வீதம் எட்டு டப்பா. நாலு எனக்கு, நாலு என் மனைவிக்கு. எல்லாம் முட்டி வலிக்கு. மாத்திரை என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது. "மாமா, மாத்திரைன்னு சொல்லாதீங்க. இது சத்து. சாப்பாடு மாதிரி" என்பான். அவன் சொல்லிச் சொல்லி நாங்களும் அதைச் சத்து என்றே சொல்லப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் என் மனைவியைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்தது.

நான் தானியக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். முப்பத்தொரு வருஷம். முதுகு இன்னும் என் பேச்சைக் கேட்கிறது. முட்டிதான் தனிக்குடித்தனம் போய்விட்டது. உட்கார்ந்தால் எழ விடாது, எழுந்தால் உட்கார விடாது. என் மனைவி பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறாள். ஒரு நாளைக்கு ஒன்பது வகுப்பறை, இரண்டு நடை, ஒரு மாடிப்படி. அவளுக்கும் அதே முட்டிதான். ஆனால் அவளுக்கு இன்னொன்றும் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் இருதயத்தில் வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து ரத்தம் கட்டிப் போகாமல் இருக்கத் தினமும் ஒரு சின்ன மாத்திரை. ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க மாதம் ஒரு பரிசோதனை. அதற்கு ஒரு எண் உண்டு. இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும், கூடினால் எங்கேயாவது ஒழுகும். எங்கள் குடும்பத்தில் கல்யாணத் தேதியை விட அந்த எண் முக்கியம்.

மச்சினன் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு இந்தச் சத்து விற்கும் கம்பெனியில் சேர்ந்தபோது முதல் டப்பாவை எனக்குச் சும்மா கொடுத்தான். காலை ஒன்று, மாலை ஒன்று. முதல் வாரம் ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க மறந்துபோனேன். இறங்கி முடித்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அப்படியே நின்று என் காலையே பார்த்தேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. ஐம்பத்தொரு வயதில், சங்க அலுவலகத்தில் மாலை வகுப்பு நடத்தியபோது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கற்றது மறக்காமல் இருக்கத் தினமும் எதையாவது எழுத வேண்டுமென்று சொன்னார்கள். எனக்கு என்ன எழுதத் தெரியும்? அன்றன்று வாங்கிய டோக்கனை எழுதினேன். எங்கள் கிடங்கில் மூட்டைக்கு ஒரு டோக்கன். லாரியிலிருந்து தூக்கி, உள்ளே வரிசை வரிசையாக ஏறும் அட்டியில் அடுக்கிவிட்டு வரும்போது மேஸ்திரி கையில் ஒரு தகர டோக்கன் வைப்பார். சாயங்காலம் எண்ணிப் பணம். அதைத்தான் எழுதினேன். தேதி, டோக்கன். சத்து சாப்பிடுவதற்கு முன்னால் ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு. சாப்பிட்ட பிறகு எழுபத்தைந்து, எண்பது. ஒரு நாள் எண்பத்து மூன்று.

நோட்டைப் பார்த்ததும் மச்சினன் எழுந்தே நின்றுவிட்டான்.

"மாமா, இது நோட்டு இல்ல, தங்கம். கம்பெனியில பெரிய பெரிய டாக்டர் படத்தைப் போட்டுக் காட்டறாங்க. ஒருத்தன்கூட இப்படித் தேதி போட்டு எழுதினதில்ல."

பெருமையாக இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது? கிடங்கில் என்னை "வாத்தியார்" என்று கேலி செய்வார்கள். அந்த வாத்தியார் எழுதியதை ஒருவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறான்.

அதைப் பார்த்துத்தான் என் மனைவியும் கேட்டாள். "உங்களுக்கு மட்டும்தான் முட்டியா? எனக்கு என்ன உருளைக்கிழங்கா வச்சிருக்கு?"

டப்பாவை எடுத்துப் படித்தேன். பெரிய எழுத்தில் "இயற்கையானது". அடுத்து "பக்கவிளைவு இல்லை". பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல் சின்ன எழுத்து. வகுப்பில் எங்களுக்குப் பலகையில் பெரிய எழுத்துதான் எழுதிப் போடுவார்கள். சின்ன எழுத்து சம்பளச் சீட்டின் பின்னால் இருப்பது, முதலாளிக்கும் வக்கீலுக்கும் உள்ளது என்று ஒரு எண்ணம். நமக்கு உள்ளதைப் படித்தாயிற்று என்று டப்பாவை அவளிடம் கொடுத்தேன்.

அடுத்த பரிசோதனையில் எண் மூன்று புள்ளி எட்டு. "கீரையெல்லாம் குறைச்சுட்டீங்களா?" என்று கேட்டார்களாம். விலை ஏறியதில் குறைத்துத்தான் இருந்தோம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கடுத்த மாதம் பள்ளியில் பரீட்சை. லீவு போட்டால் சம்பளம் போகும். பரிசோதனைக்குப் போகவில்லை.

இதற்கிடையில் என் முட்டி மறுபடியும் வலிக்கத் தொடங்கியது. டோக்கன் எழுபது, அறுபத்தாறு, அறுபது என்று இறங்கியது. மச்சினனிடம் சொன்னேன். அவன் அசரவில்லை.

"நோய் வெளியே போகுது மாமா. போகும்போது கதவை ஒரு உதை உதைச்சுட்டுத்தானே போகும்? மூணாக்குங்க."

"அக்காவுக்கு?"

"அக்காவுக்கும் மூணு. பணத்தைப் பத்தி யோசிக்காதீங்க, மெதுவா குடுங்க."

மூன்றாக்கினோம். மெதுவாகக் கொடு என்ற பணம் எட்டு டப்பாவில் வந்து நின்றது. அப்போதுதான் அவன் இன்னொன்று சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக் கூட்டம். இருநூறு பேர் வருவார்கள். நான் மேடையேறி என் நோட்டில் முதல் மூன்று மாதத்தைப் படிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒன்பதாயிரத்து முந்நூற்று அறுபதும் ரத்து.

"அதுக்கப்புறம் இறங்கினதையும் படிக்கணுமா?" என்றேன்.

"அது எதுக்கு மாமா? கல்யாண வீட்ல போய் பழைய சண்டையைப் பேசுவாங்களா?"

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மூட்டை தூக்கும்போது வாய் தானாக அந்த எண்களைப் படித்துப் பழகியது. ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு, எழுபத்தைந்து. ஒரு பக்கம் ஆசை. ஒரு பக்கம் எதுவோ அரிக்கிறது. எங்கே அரிக்கிறது என்று தெரிந்தால் சொறிந்துகொள்ளலாம். வீட்டுக்கு வந்தால் மனைவியின் மேல்கையில் நீலமாகக் கன்றிய ஒரு திட்டு. "வாளி இடிச்சிருக்கும்" என்றாள். இரண்டு நாள் கழித்துத் தொடையில் ஒன்று. "பெஞ்சு இடிச்சிருக்கும்." காலையில் பல் துலக்கித் துப்பினால் தண்ணீர் சிவப்பாகப் போனது. அவள் நிதானமாக இருந்தாள். நான்தான் உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"ஏன் இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தறீங்க? பரீட்சை முடியட்டும், போய்ப் பார்த்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கிடங்குக்குப் போன் வந்தது. ஆறாம் வகுப்பறையில் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு மூக்கில் ரத்தம். ஒரு மணி நேரமாக நிற்கவில்லை. நான் போவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூக்கில் பஞ்சை அடைத்து உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏழரை."

பஞ்சுக்குப் பின்னாலிருந்து அவள் சிரித்தாள். "அது இவரைக் கட்டின அன்னைக்கே பிடிச்சதுதான், டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. "மூக்கோட போச்சு. மூளைக்குள்ள கசிஞ்சிருந்தா இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டீங்க. வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"வேற எதுவும் இல்லைங்க."

"வலி மாத்திரை? காய்ச்சலுக்கு ஏதாவது?"

"எதுவும் இல்லைங்க."

என்னைப் பார்த்தார். நானும் இல்லையென்று தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை. மாத்திரை என்றுதான் கேட்டார். நாங்கள் சாப்பிட்டது சத்து. "அப்போ உங்களுக்கு ரத்த மாத்திரையோட அளவே கூடிப்போச்சு போலிருக்கு. ரெண்டு நாள் நிறுத்திட்டு, அப்புறம் குறைச்சு எழுதறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவளை வார்டில் படுக்க வைத்துவிட்டு நடையில் நடந்தேன். உட்கார முடியவில்லை. பிந்திப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படித்துத் தீர வேண்டும். எச்சில் துப்பாதீர். செருப்பைக் கழற்றி விடவும். மருந்து வழங்குமிடம். அதன் பக்கத்தில் ஒரு பலகை: "மாத்திரை, தைலம், லேகியம், சத்துப் பொடி, சத்துக் குளிகை, எதைச் சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லவும்."

எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். "சத்து" என்ற இடத்தில் வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

வீட்டுக்கு ஓடி டப்பாவை எடுத்து வந்தேன். ஓடினேன் என்றால் அந்த முட்டியோடு எப்படி ஓட முடியுமோ அப்படி. மருந்து கொடுக்கும் அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, நான் படிக்காமல் விட்ட பின்பக்கத்தைப் படித்தார். ஒரு இடத்தில் நகத்தை வைத்தார்.

"இங்க என்ன போட்டிருக்கு, படிங்க."

படித்தேன். கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஆனது. "ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம்."

"நண்டு, இறால் ஓட்டுலேர்ந்து எடுக்கற சரக்கு ஒண்ணு இதுல இருக்கு. மஞ்சள் சாறு கெட்டியா சேர்த்திருக்கான். இது ரெண்டும் அந்த ரத்த மாத்திரையோட சேர்ந்தா சிலருக்கு எண் ஏறும். எல்லாருக்கும் ஏறும்னு சொல்ல மாட்டேன். உங்க வீட்ல ஏறியிருக்கலாம்."

"டாக்டர்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டோம், அம்மா."

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். "ஐயா, இதைச் சொல்லாம விட்டா என்ன ஆகும் தெரியுமா? டாக்டர் ரத்த மாத்திரையைக் குறைப்பார். நீங்க வீட்டுக்குப் போய் பயந்து இந்தச் சத்தையும் நிறுத்துவீங்க. ரெண்டும் சேர்ந்து எண் தரைக்கு இறங்கிடும். அப்புறம் வால்வுல கட்டி. இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் எங்கேயும் போக மாட்டேன்."

போனேன். டாக்டரிடம் டப்பாவை நீட்டினேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சீட்டை வாங்கி, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். "நல்லவேளை" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்து அந்த அம்மாவிடம் கேட்டேன். "ஆனா எனக்கு முட்டி சரியாச்சே, அம்மா? எழுதியே வச்சிருக்கேன்." இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்துக் காட்டினேன்.

அவர் புரட்டிப் பார்த்தார். கேலி செய்யவில்லை. "நல்லா எழுதியிருக்கீங்க. இதைப் பத்தி உலகத்துல நிறைய பேர் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. பாதிப் பேருக்கு இதைக் குடுத்து, பாதிப் பேருக்கு ஒண்ணுமே இல்லாத வெத்து மாத்திரையைக் குடுத்து. யார் எதைத் தின்னாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. சிலதுல கொஞ்சம் நல்லதுன்னு வந்தது. பலதுல வெத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியலை. உங்க நோட்டுல ஒரே ஒரு குறை."

"என்ன?"

"மாத்திரை சாப்பிடாதவன் கணக்கு இல்லையே."

அது முள் மாதிரி உள்ளே போய் நின்றுகொண்டது. மறுநாள் சனிக்கிழமை. அவளுக்கு ரத்தம் நின்றிருந்தது. எண் ஐந்துக்கு இறங்கியிருந்தது. கஞ்சியைக் கொடுத்துவிட்டு நேராகக் கிடங்குக்குப் போனேன். மேஸ்திரி மேசையில் எல்லார் டோக்கனும் எழுதும் பேரேடு உண்டு. அதைப் பிரித்து உட்கார்ந்தேன்.

"என்ன வாத்தியாரே, தணிக்கையா?" என்றார் மேஸ்திரி.

எங்கள் குழுவில் "ஒட்டடைக்குச்சி" என்று ஒருவன் இருக்கிறான். டீயைத் தவிர வாயில் எதுவும் போடாதவன். அவன் வரிசையைத் தேடினேன். நான் ஐம்பத்தாறு எடுத்த மாதம் அவன் ஐம்பத்தொன்று. நான் எண்பது எடுத்த மாதம் அவன் எழுபத்தாறு. நான் அறுபதுக்கு இறங்கியபோது அவன் ஐம்பத்தைந்து. அடுத்தவனைப் பார்த்தேன், அதற்கடுத்தவனைப் பார்த்தேன். குழுவின் பதினோரு பேரும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கியிருந்தார்கள்.

"மேஸ்திரி, இந்த மூணு மாசம் எல்லாருக்கும் ஏன் கூடியிருக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏன்யா, முப்பது வருஷம் தூக்கினவன் கேக்கற கேள்வியா இது? பழைய சரக்கெல்லாம் போய் கிடங்கு காலியா இருந்துச்சு. அட்டி தரையில இருந்தா கிழவனும் ஓடுவான். இப்போ பன்னெண்டாவது வரிசை. சாரப் பலகையில ஏறணும்."

திரும்பிப் பார்த்தேன். அட்டி கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு வரிசை அடுக்கியதே நாங்கள்தான். தரையில் இறக்கிய மாதத்தில் முட்டி நோகவில்லை. பலகை ஏறிய மாதத்தில் நொந்தது. இது என் காலுக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் டப்பாவைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை எட்டரைக்கு மச்சினன் வார்டுக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஆப்பிள் பை. அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கண் கலங்கத்தான் செய்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"பத்து மணிக்குக் கூட்டம் மாமா. நோட்டு இருக்கா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன எழுத்து, எண், ஒட்டடைக்குச்சி, அட்டி.

"அட்டியாம் அட்டி! ஆயிரக்கணக்கான பேர் சாப்பிடறாங்க மாமா. அக்காவுக்கு ஏற்கெனவே ரத்தத்துல கோளாறு. அதுக்குச் சத்து என்ன பண்ணும்?"

"அந்தக் கோளாறு இருக்கறவ சாப்பிடக் கூடாதுன்னு உன் டப்பாவிலயே போட்டிருக்குடா."

"அதையெல்லாம் யார் படிப்பாங்க?"

"நான் படிச்சிருக்கணும். விக்கறவன் நீயும் படிச்சிருக்கணும்."

அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். குரல் இறங்கியது. "மாமா, நாப்பது பெட்டி எடுத்து வச்சிருக்கேன். வட்டிக்கு வாங்கின பணம். இன்னைக்கு ஒரு இருபது பேராவது சேரலைன்னா நான் தெருவுலதான். உங்க பேச்சு ஒண்ணு போதும். மூட்டை தூக்கறவர் சொன்னா நம்புவாங்க."

நம்புவார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த இருநூறு பேரில் ஒரு வீட்டிலாவது ஒரு வால்வு இருக்காதா?

இவ்வளவு நேரம் கண்ணை மூடியிருந்த என் மனைவி கேட்டாள். "டேய் தம்பி, நீ இதைச் சாப்பிடறியா?"

"எனக்கு முட்டி வலி இல்லையே, அக்கா."

"அம்மாவுக்கு இருக்கே. அம்மாவுக்குக் குடுத்தியா?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். அம்மாவுக்கு ஈரல் கோளாறு. எதற்கு வம்பு என்று கொடுக்காமல் இருந்திருக்கிறான். அக்காவுக்குக் கொடுக்கும்போது மட்டும் அந்த எண்ணம் வரவில்லை. அவன் மேல் தப்புச் சொல்லி என்ன, அவள் புருஷன் எனக்கே வரவில்லை. ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினான். கதவருகில் நின்று, "அப்போ பணம்?" என்றான். கேட்டதில் தப்பில்லை.

"பிரிக்காத டப்பா ரெண்டு இருக்கு, எடுத்துக்கோ. மிச்சம் ஏழாயிரத்து இருபது. பதினஞ்சு நாள் குடு" என்றேன்.

எங்கள் குழுவில் ஒரு முறை உண்டு. தினமும் ஆளுக்கு ஒரு டோக்கனை மேஸ்திரியின் மரப்பெட்டியில் போட வேண்டும். அடிபட்டவனுக்கு, படுத்தவனுக்கு அந்தப் பணம். அதிலிருந்து கேட்டேன். மேஸ்திரி யோசித்தார்.

"உன் பொண்டாட்டிக்கு முடியலைன்னா சும்மாவே குடுப்போம். இது கடனை அடைக்க இல்ல கேக்கறே?"

"ஆமா. கடன் நிக்கற வரைக்கும் என் வாய் அவன்கிட்ட அடகுல இருக்கும், மேஸ்திரி."

"சரி. ஆனா ஒண்ணு. நம்ம ஆளுங்க மூணு பேர் உன் நோட்டைப் பார்த்துட்டு அவன்கிட்ட டப்பா வாங்கியிருக்கானுங்க. ஏத்திவிட்ட நீயே இறக்கிவிடு."

டீ நேரத்தில் மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். என் எண், ஒட்டடைக்குச்சியின் எண், வரிசையின் உயரம். மேடையில் படிக்கப் பழகிய அதே பக்கம்தான். முடித்ததும் ஒட்டடைக்குச்சி, "அப்போ என் எழுபத்தாறுக்கு டீக்காரனைத்தான் மேடையில ஏத்தணும்" என்றான். சிரித்தார்கள். ஆனால் வாங்கியவர்களில் ஒருவன் சிரிக்கவில்லை. தனியாக வந்து, "எங்கப்பாவுக்கும் அந்த ரத்த மாத்திரைதான்" என்றான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அவனை அன்றைக்கே அனுப்பி வைத்தோம்.

பெட்டிக்கு நான் இப்போது தினம் மூன்று டோக்கன் போடுகிறேன். அதுவும் கடன்தான். ஆனால் அந்தப் பெட்டி என்னை எதையும் புகழச் சொல்லாது. முட்டி வலிக்கிறது. மருந்து கொடுக்கும் அம்மா சொன்ன தொடைப் பயிற்சியைக் காலையில் செய்கிறேன்; அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை வரிசை உயரத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

பதினைந்தாம் நாள் மச்சினன் வந்தான். சட்டை கசங்கியிருந்தது. பார்சல் வண்டி ஓட்டுகிறானாம். வட்டிக்காரன் இன்னும் துரத்துகிறான். பணத்தை எண்ணினான். இருபது குறைந்தது. நான் சட்டைப் பையைத் தடவினேன், சில்லறை இல்லை. காலையில் இருவரும் பரிசோதனைக்குப் பஸ்ஸில் போய் வந்ததில் செலவாகிவிட்டது. "உள்ளே சில்லறை டப்பால இருக்கான்னு பாருங்க" என்றாள் என் மனைவி. நான் எழுந்தேன்.

"இருங்க மாமா" என்றான். அக்காவைப் பார்த்தான். கையில் நீலம் போய் மஞ்சளாக வெளிறியிருந்த இடத்தைப் பார்த்தான். "அந்த நம்பர் இன்னைக்கு எவ்வளவு, அக்கா?"

"ரெண்டு புள்ளி எட்டு."

"அது நல்லதா?"

"நல்லதுடா."

பேனா கேட்டான். என் நோட்டை வாங்கி, எட்டு டப்பா என்று நான் எழுதியிருந்த வரிக்குக் கீழே "தீர்ந்தது" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டான். பெரிய எழுத்தில்தான்.